அன்னபூர்ணா சுற்று: கணவன் மனைவியாகப் போகும்போது யார் வேகத்தில் நடப்பது?

பொதிகையடி எழுதியது:

வணக்கம். வரும் அக்டோபரில் நானும் மனைவியும் நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் நடக்கலாம் என்று இருக்கிறோம். எனக்கு வயது 41, அவருக்கு 38. விடுப்பு பதினான்கு நாள்தான் கிடைக்கும். திருநெல்வேலியிலிருந்து காத்மாண்டு போய்த் திரும்புவதும் அதற்குள் அடக்கம். எனக்கு மலையேற்றம் பழக்கம்தான். வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி எல்லாம் ஏறியிருக்கிறேன். மனைவிக்கு அவ்வளவு பழக்கமில்லை.

இப்போதைக்கு யோசித்திருப்பது இதுதான். பாதை தொடங்கும் பெசிசஹரில் ஜீப் பிடித்து நேராக மேலே மனாங் ஊர். அங்கே ஒரு நாள் ஓய்வு. பிறகு தோரோங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத். கீழ்ப்பகுதியை விட்டுவிட்டால் நாளும் மிச்சம், அவருக்கும் அலைச்சல் குறையும். இது சரிவருமா?

இன்னொன்று. அக்டோபரில் கூட்டம் அதிகம், தங்க இடம் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். அவர் நிதானமாக வரட்டும், நான் முன்னால் போய் அறை பிடித்து வைக்கிறேன் என்று நினைக்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காலடி எழுதியது:

நாங்கள் மனாங் வரை ஜீப்பில்தான் போனோம், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் லேசாகத் தலை வலித்தது, மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது. பதினான்கு நாளில் முடிக்க இதை விட்டால் வழி கிடையாது. கீழே நிறைய இடங்களில் பாதையும் ஜீப் சாலையும் ஒன்றாகிவிட்டன. புழுதி தின்றுகொண்டு நடப்பதில் என்ன இருக்கிறது?

மருத்துவர்_தேனி எழுதியது:

காலடி அவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனது நல்லது. ஆனால் அதை வைத்து இன்னொருவருக்கு வழி சொல்லக் கூடாது.

பெசிசஹர் சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனாங் 3,540 மீட்டர். நம் தமிழ்நாட்டின் உச்சி தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அதாவது மனாங்கில் நீங்கள் படுத்துறங்கும் கட்டிலே தொட்டபெட்டாவை விட 900 மீட்டர் மேலே கிடக்கிறது. அங்கே ஒரே நாளில் வண்டியில் போய் இறங்கினால், உடம்புக்கு மூச்சையும் இரத்தத்தையும் ஆக்சிஜன் குறைந்த மெல்லிய காற்றுக்குப் பழக்கிக்கொள்ள அவகாசமே இல்லை. 3,000 மீட்டருக்கு மேல், இன்று இரவு தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தை விட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது. பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். தூங்கும் உயரம்தான் முக்கியம்.

வெள்ளியங்கிரி ஏறியவருக்கு மலைநோய் (மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகாததால் வரும் தலைவலி, வாந்தி) வராது என்றும், பழக்கமில்லாதவருக்கு நிச்சயம் வரும் என்றும் நினைக்காதீர்கள். உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சொல்லப்போனால் உடல்வலு உள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

மலைநோயைத் தடுக்க எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி யாராவது எப்படியும் கேட்பீர்கள். முன்கூட்டியே எடுப்பதானால் பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும், பயப்பட வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஊரிலேயே உங்கள் மருத்துவரைப் பார்த்துப் பேசாமல் தொடவே கூடாது. மெதுவாக ஏறுவதற்குப் பதிலாக மாத்திரை என்று யாரும் நினைத்துக்கொள்ளவும் கூடாது.

சாரல்_கோவை எழுதியது:

பொதிகையடி அண்ணா, டாக்டர் முதல் கேள்விக்குச் சொல்லிட்டார். இரண்டாவதுக்கு நான் சொல்றேன். முன்னாடி போய் அறை பிடிக்கிற யோசனையை இப்பவே விட்டுடுங்க.

நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவர் சைக்கிள் ஓட்டறவர், எங்க ரெண்டு பேர்ல திடமானவர் அவர்தான். எல்லாரும் என்னைத்தான் கவலையாப் பார்த்தாங்க. பெசிசஹர்ல கிளம்பறதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள ஒரு பேச்சு வச்சுக்கிட்டோம்: யார் ஒருத்தர் "இறங்கலாம்"னு சொன்னாலும் அன்னிக்கு ரெண்டு பேரும் இறங்கறோம். ஏன், எதுக்குன்னு அந்த இடத்துல விசாரணை கிடையாது. கீழ போனப்புறம் பேசிக்கலாம்.

யாக் கர்க்காவுல, 4,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, சாயங்காலம் எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துல அடுப்பைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம். அந்தப் பாதை முழுக்க தால் பாத்தான் சாப்பாடு. சோறு, பருப்பு, காய், கொஞ்சம் ஊறுகாய். தீரத் தீர வந்து போடுவாங்க. இவர் தினமும் ரெண்டாவது தடவை வாங்காம எழுந்ததே இல்லை. அன்னிக்குப் பருப்பைச் சோத்துல ஊத்திப் பிசைஞ்சுட்டே இருந்தார், பாதி அப்படியே தட்டுல நின்னுடுச்சு. "பசிக்கல"ன்னார். தலை வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னார். ஆனா குல்லாவைக் கழட்டி நெத்தியை உள்ளங்கையால அழுத்திக்கிட்டே இல்லைன்னார்.

வழிகாட்டித் தம்பி தரைப் பலகையோட கோட்டைக் காட்டி, குதிகாலோட பெருவிரலை ஒட்டி வச்சு நேரா நடக்கச் சொன்னார். தடுமாறாம நடந்தார். அதனால ராத்திரியே இறங்கல. வழிகாட்டி பக்கத்து அறையில படுத்து, ரெண்டு தடவை வந்து பார்த்தார். விடியக்காலை வாந்தி. தலைவலியும் கூடிடுச்சு. அப்பவும் என்ன சொன்னார் தெரியுமா? "நீ முக்திநாத் முக்திநாத்னு எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கே, என்னால நிக்க வேண்டாம், போயிடலாம்."

அண்ணா, இதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு இவ்வளவு நீளமா எழுதறேன். தனியாப் போறவங்களுக்கு வலியை மறைக்க வீம்பு மட்டும்தான் காரணம். புருஷன் பொண்டாட்டியாப் போனா வீம்போட பாசமும் சேர்ந்துக்கும். அவ ஆசையைக் கெடுக்கக் கூடாதுன்னு இவர் மறைப்பார், இவர் லீவு வீணாகக் கூடாதுன்னு அவ மறைப்பா. ரெண்டு பேரும் நல்ல எண்ணத்துலயே ஆபத்துல போய் நிப்பாங்க. முன்னாடியே பேச்சு வச்சிருந்ததால நான் "இறங்கலாம்"னு சொன்னேன், அவர் மறுபேச்சில்லாம பையை எடுத்தார். மனாங்ல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனோட மருத்துவ நிலையம் இருக்கு, சீசன்ல மருத்துவர்கள் இருப்பாங்க. காட்டினோம், தங்கினோம், தெளிஞ்சப்புறம் திரும்ப மெல்ல ஏறிக் கணவாயைத் தாண்டினோம்.

நீங்க முன்னாடி போய் அறையில உட்கார்ந்திருந்தா, பின்னாடி வர்றவங்க தட்டுல சோறு மீந்ததையோ நடை தள்ளாடறதையோ யார் பார்க்கிறது? மெதுவா நடக்கிறவங்க முன்னாடி, வேகமா நடக்கிறவங்க பின்னாடி. அறைக்கு வழிகாட்டி முந்தின நாளே போன் பண்ணிடுவார்.

மேடுபள்ளம் எழுதியது:

சாரல் சொன்ன ஏற்பாட்டில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "ஒருவர் இறங்கினால் இருவரும்" என்றால், ஒருவருக்காக இன்னொருவரின் வாழ்நாள் ஆசை போகிறது. மனாங் வரை ஜீப் ஓடுகிறது. முடியாதவர் அதில் இறங்கி, பொகாரா வழியாக, முக்திநாத்துக்குக் கீழே உள்ள ஜோம்சோம் ஊருக்கு வந்து காத்திருக்கலாம். மற்றவர் வழிகாட்டியோடு கணவாயைத் தாண்டி வந்து சேர்ந்துகொள்ளலாம். நானும் என் துணைவியும் அப்படித்தான் செய்தோம். வழுக்கும் சரளை என்றால் அவருக்குப் பயம். அதனால் அவரே எடுத்த முடிவு அது. இருவருக்கும் மனக்குறை இல்லை.

சாரல்_கோவை எழுதியது:

நல்லா இருக்கும்போது உட்கார்ந்து பேசிப் பிரியறது வேறங்க, அதுல எனக்கு மறுப்பே இல்லை. உங்க துணைவி தலை தெளிவா இருக்கும்போது, மனாங்ல வச்சு முடிவு பண்ணாங்க. நான் சொல்றது மனாங்குக்கு மேல, உடம்புக்கு முடியாதப்போ. அங்கிருந்து நோயாளியைத் தனியா இறங்கவிடக் கூடாது, வழிகாட்டி ஒருத்தர்தான்னா அவரையும் பங்கு போட முடியாது.

மருத்துவர்_தேனி எழுதியது:

சாரல் சொல்வது மருத்துவப்படியும் சரி. மூளையில் நீர் கோத்துக்கொண்டால் முதலில் கெடுவது நிதானம்தான். தள்ளாட்டம், குழப்பம், காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொல்வதை அப்போது நம்ப முடியாது. நுரையீரலில் நீர் கோத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், விடாத இருமல், சில சமயம் இளஞ்சிவப்பு நுரை. இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவதுதான், நடு இரவானாலும் இறங்க வேண்டும். தலைவலி இருக்கும்போது வலி மாத்திரை போட்டு அமுக்கிக்கொண்டு மேலே ஏறவே கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் அங்கே வேண்டாம்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரைக் கொண்டுபோய், கணவனுக்கு 84, மனைவிக்கு 88 என்று போட்டி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்.

வன்னிமகன் எழுதியது:

நாங்கள் லண்டனிலை இருந்து போனனாங்கள். வழிகாட்டி வேணுமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு: 2023 ஏப்ரல் 1இலை இருந்து வெளிநாட்டு ஆக்கள் உரிமம் உள்ள வழிகாட்டியோடைதான் நடக்க வேணும் எண்டு நேபாளச் சுற்றுலாச் சபை அறிவிச்சது. எல்லா இடத்திலையும் கண்டிப்பாப் பார்க்கினம் எண்டு இல்லை, ஆனா அதை நம்பிப் போகாதேங்கோ. எங்களுக்கு வழிகாட்டி வழி காட்டினதை விட, எங்கடை ரெண்டு பேருக்கும் நடுவிலை மூண்டாவது வாயா இருந்ததுதான் பெரிய உதவி. நான் சொன்னா மனுசி கேக்கமாட்டா, அவ சொன்னா நான் கேக்கமாட்டன். அந்தப் பெடியன் சொன்னா ரெண்டு பேரும் கேப்பம்.

அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு அனுமதிக் கட்டணம் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்காரருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவைக்கு 3,000. இலங்கைக் கடவுச்சீட்டு வைச்சிருக்கிறவையும் சார்க் கணக்குத்தான். பிரித்தானியக் கடவுச்சீட்டு எண்டா முழுக்காசு, விசாவும் எடுக்க வேணும்.

தசைன், திஹார் பண்டிகை அந்த நேரத்திலைதான் வரும். சுமைகாரர் பலர் வீட்டை போயிடுவினம், பஸ்ஸும் நிரம்பி வழியும். பண்டிகைத் திகதியைப் பாத்து இப்பவே ஆளைப் பேசி வையுங்கோ. சுமைகாரருக்கு நல்ல சப்பாத்து, குளிர்ச்சட்டை, காப்புறுதி இருக்கோ எண்டு கேளுங்கோ. அவரும் அதே கணவாயைத்தான் தாண்ட வேணும்.

கயல் எழுதியது:

வணக்கம். பொதிகையடி சொன்ன "பழக்கமில்லாத மனைவி" நான்தான். இழையை நேற்றிரவு முழுக்கப் படித்தேன். எனக்காக அலைச்சலைக் குறைக்கிறார் என்று இதைப் படித்தபிறகுதான் தெரிந்தது. கீழ்ப்பகுதியையும் நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வயல், அருவி, காடு எல்லாம் தாண்டிப் பனிக்குப் போவதில்தானே இந்தப் பாதையின் அழகு இருக்கிறது.

எனக்குள்ள கேள்விகள் வேறு. மாதவிலக்கு நாள் நடுவில் வந்தால் என்ன செய்வது? கழிப்பறை எப்படி? பையின் எடையை எப்படிப் பிரிப்பது? இவர் எல்லாவற்றையும் தன் பையில் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார்.

சாரல்_கோவை எழுதியது:

வாங்க கயல், நீங்களே வந்தது சந்தோஷம்.

தேவையானதை எல்லாம் ஊர்லயே வாங்கிக்கோங்க, மேல போகப் போகக் கிடைக்காது. மாதவிலக்குக் கப் பழக்கம்னா நல்லது, ஆனா புதுசா அங்க போய்ப் பழகாதீங்க. மூணு நாலு மாசம் முன்னாடியே வீட்ல பழகிடுங்க. நாப்கின்னா பயன்படுத்தினதைக் காகிதத்துல சுத்தி, இறுக்கமா மூடற பையில போட்டு ஜோம்சோம் வரைக்கும் கூடவே கொண்டு வந்துடணும். அங்க குழியிலயோ அடுப்புலயோ போட்டுடாதீங்க. விடுதி அடுப்புல குப்பை போடறது அவங்களுக்கு மனசு நோகற விஷயம். கழிப்பறை பெரும்பாலும் நம்ம ஊர் மாதிரிதான். மேல போனா வெளியில, கதவு சரியாச் சாத்தாது, காலையில வாளித் தண்ணி உறைஞ்சிருக்கும். தலைவிளக்கும் கை கழுவற திரவமும் தலையணைக்கு அடியிலயே இருக்கட்டும்.

பையை அவர்கிட்டயே குடுத்துடாதீங்க. உங்க தூக்கப் பை, கதகதப்புச் சட்டை, தண்ணி, மருந்து, கொஞ்சம் பணம் உங்க முதுகுல இருக்கணும். வழியில அஞ்சு நிமிஷம் பிரிஞ்சு மேகம் மூடினாலும் உங்களுக்கு வேண்டியது உங்ககிட்ட இருக்கும். மத்ததைச் சுமைகாரர்கிட்ட குடுங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து இருபது கிலோவுக்கு மேல அவர் முதுகுல ஏத்தாதீங்க.

கழுதைக் கூட்டம் எதிர்ல வந்தா மலைச் சுவர் பக்கம் ஒதுங்கி நில்லுங்க. பள்ளத்துப் பக்கம் நின்னா மூட்டை இடிச்சுத் தள்ளிடும். தொங்குபாலத்துல அதுங்க ஏறிட்டா நீங்க காத்திருங்க.

மேடுபள்ளம் எழுதியது:

கயல் அவர்களுக்கு. மனாங்குக்கு முன்னால் வரும் கீழ்ப்பிசாங் வழியாகச் சாலையில் போகாதீர்கள். மேல் பிசாங்கில் தங்கி, மறுநாள் க்யாரு ஏறி நாவல் வழியாகப் போங்கள். க்யாரு ஏற்றம் செங்குத்தான வளைவுகள், மூச்சு முட்டும். ஆனால் மேலே கல்வீடுகளின் மாடியிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இரண்டாம் அன்னபூர்ணா, 7,937 மீட்டர், அடியிலிருந்து முடிவரை மறைப்பில்லாமல் நிற்கும். அந்த ஊர்கள் 3,600 மீட்டருக்கு மேலே இருப்பதால் மனாங் போகும் முன்பே உடம்பு ஓரளவு பழகிவிடும். இந்த ஒரு நாளை மட்டும் யாரும் ஜீப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். சாலையை விட்டு விலகும் நடைபாதைகளுக்குப் பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்டிருக்கும், அதைப் பிடித்துப் போங்கள். வழியில் மணிச்சுவர்கள் (மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய பௌத்தச் சுவர்கள்) வந்தால் சுவர் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். நம் கோயில் பிரகாரத்தை வலம் வருவதும் அப்படித்தானே.

அடியேன்_வேளுக்குடி எழுதியது:

பெரியவன் ஒருவன் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முக்திநாத் என்று எழுதுவது நமக்குத் திருச்சாளக்கிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம். ஜோம்சோம் வரை விமானத்திலும் பிறகு ஜீப்பிலுமாகத்தான் நானும் சேவித்தேன். கணவாயைத் தாண்டி நடந்து வந்து சேவிக்கும் பாக்கியம் உங்களுக்கு வாய்க்கட்டும். சந்நிதிக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 தாரைகள் விழுகின்றன. பனி உருகிய நீர். கணவாய் இறங்கிய அன்றே அதில் தலை நனைக்காதீர்கள். ஓர் இரவு உறங்கி எழுந்து, வெயில் ஏறியபின் போங்கள். பௌத்தர்களுக்கும் அது புண்ணியத் தலம். அங்கே பராமரிப்பில் பௌத்தப் பிக்குணிகளும் இருக்கிறார்கள், வணங்கி வாருங்கள்.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அதன் மிச்சம் வடக்கே போய் 14ஆம் தேதி தோரோங் லாவில் பெரும் பனியாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நடக்க வந்தவர்கள், வழிகாட்டிகள், சுமைகாரர்கள், யாக் மேய்ப்பவர்கள். முந்தைய நாள்வரை வானம் நீலமாக இருந்ததாம். அக்டோபரில் வங்கக்கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவர்கள் நாம். மனாங்கில் இருக்கும்போது அதே கண்ணோடு பாருங்கள். ஆந்திரக் கரையை நோக்கிப் புயல் நகர்கிறது என்று செய்தி வந்தால் மேலே ஏறாதீர்கள். மனாங்கிலேயே நாலு நாள் பருப்புச்சோறு சாப்பிட்டுக்கொண்டு இருங்கள்.

காலடி எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்தபின் ஒன்று சேர்க்கிறேன். கணவாயை எப்போதும் விடியுமுன் கிளம்பித்தான் தாண்ட வேண்டும், பகல் ஏற ஏறக் காற்று வெறி பிடித்த மாதிரி வீசும். கணவாயின் அடிவாரத்தில் தங்கும் இடமான தோரோங் பேதியிலிருந்து நாங்கள் நாலு மணிக்குக் கிளம்பினோம். ஏற்றத்தை விட இறக்கம்தான் காலை ஒடித்தது: 5,416 மீட்டரிலிருந்து முக்திநாத் வரை கிட்டத்தட்ட 1,600 மீட்டர் ஒரே இறக்கம், சரளைக்கல். ஊன்றுகோல் ஆளுக்கு இரண்டு கட்டாயம். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். புட்டியைத் தலைகீழாக வையுங்கள், மேல்பகுதிதான் முதலில் உறையும், மூடிப் பக்கம் தண்ணீராகவே இருக்கும். போன், பேட்டரி எல்லாம் இரவில் தூக்கப் பைக்குள் உங்களோடு.

பொதிகையடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இருவரும் உட்கார்ந்து திட்டத்தை முழுதாக மாற்றிவிட்டோம். ஜீப் மனாங்குக்குக் கீழே உள்ள சாமே வரை மட்டும், அதையும் நடுவில் தாராபானியில் ஓர் இரவு நிறுத்தி. அங்கிருந்து நடை. மேல் பிசாங், நாவல், மனாங்கில் குறைந்தது இரண்டு இரவு, யாக் கர்க்கா, தோரோங் பேதி, முக்திநாத். கூடவே இரண்டு நாள் கையிருப்பு. அதற்காக விடுப்பை மூன்று நாள் நீட்டிக் கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் மனாங்கோடு திரும்பிவிடுவது என்றும் பேசிக்கொண்டோம். கயல்தான் முன்னால் நடப்பார்.

கயல் எழுதியது:

ஒரே ஒரு சந்தேகம். எனக்குக் கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது. ஆதார் போதுமா?

வன்னிமகன் எழுதியது:

இந்தியக் கடவுச்சீட்டு விசயம் எனக்குத் தெரியாது தங்கச்சி, மற்றவை சொல்லுவினம்.

மேடுபள்ளம் எழுதியது:

விமானத்தில் போவதானால் ஆதாரை ஏற்க மாட்டார்கள். கடவுச்சீட்டு, இல்லையென்றால் அசல் வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். விசா தேவையில்லை. இரண்டும் கையில் இருக்கும்படி இன்றே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், அக்டோபருக்கு நாள் இருக்கிறது. அனுமதிச் சீட்டுக்குக் கடவுச்சீட்டு அளவுப் படங்கள் ஆளுக்கு நாலு எடுத்துக்கொள்ளுங்கள். காத்மாண்டுவிலோ பொகாராவிலோ பணம் எடுத்து, சின்ன நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேலே கார்டு எதுவும் நடக்காது.